கையில் வாங்கிய எள்

எங்கள் வீட்டில் ஒரு கிரகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. சூரியன், செவ்வாய், வியாழன் எல்லாம் தாராளமாகச் சொல்லலாம். அந்த ஒன்றை மட்டும் என் கணவர் ‘அவர்’ என்றுதான் குறிப்பிடுவார். வெள்ளிக்கு அடுத்த நாளைக்கூட ‘வீக்கெண்ட்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. எதையும் பலமுறை சோதிக்காமல் நம்ப மாட்டார். ராசிபலனை மட்டும் ஒரே தடவையில் நம்பிவிடுவார். அந்த வருஷங்களில் அவருக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது.

நான் பிளஸ் டூ வகுப்புகளுக்கான பி.யூ. காலேஜ் ஒன்றில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அதுவும் போதாதென்று, மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடி ஹாலில் கூடும் வானியல் மன்றத்தில் மாதம் ஒருமுறை பேசவும் செய்தேன். பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட விஷயமோ, வளையம் போட்ட அந்தக் கிரகத்துக்கு அனுப்பப்பட்ட விண்கலம். வேண்டுமென்றே செய்கிறேன் என்று அவர் நினைத்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் அப்படித்தான்.

எங்கள் கல்யாணமும் அந்தக் கலம் பூமியை விட்டுப் புறப்பட்டதும் ஒரே வருஷம், தொண்ணூற்றேழு. வேலூரிலிருந்து வந்து மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் குடியேறியபோது அது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நேராகப் போகிற அளவுக்கு அதற்கு வேகம் போதாது. அதனால் வெள்ளியை ஒட்டி இரண்டு முறை, பூமியை ஒட்டி ஒருமுறை, பிறகு வியாழனை ஒட்டி என்று வளைந்து வளைந்து போய், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வேகம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதை நான் பீன்ஸ் நறுக்கியபடி விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தியா? சுக்கிரன், குரு எல்லாரையும் சுத்திட்டுதான் அவர்கிட்ட போறாங்க. நேரா போய் நிக்கக் கூடாதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.”

“அது ஈர்ப்பு விசைங்க.”

“பேரு எதுவா இருந்தா என்னம்மா.”

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் சிரித்துவிடுவேன். சிரிக்க முடியாத ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தது. கலம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இரண்டு முறை கரு நின்றது, இரண்டு முறையும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது ஐந்தாம் மாதம் தாண்டி, வயிற்றில் அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு, ஒருநாள் அசைவு நின்றது. யார்மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகும் என்றார் டாக்டர். என் கணவருக்கு அந்தப் பதில் போதவில்லை. தன் ராசியில் உட்கார்ந்திருந்தவரைக் காரணமாக்கிக்கொண்டார். எனக்குக் கைகாட்ட யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்குப் பொறாமைகூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் அந்த விண்கலத்தை நிஜமாகவே படிக்கத் தொடங்கினேன். மாலையில் வகுப்பு முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பக்கம் இறங்கும்வரை காத்திருந்து படிப்பேன். அது எதற்காகப் போகிறது என்று எழுதியிருந்ததெல்லாம் பெரும்பாலும் கேள்விகளாகவே இருந்தன. அந்த வளையங்கள் கிரகத்தோடு கூடவே பிறந்தவையா, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவையா? ஏதோ ஒரு நிலா உடைந்து சிதறிய மிச்சமா? தூசி அளவிலிருந்து வீடு அளவுவரை பனிக்கட்டிகள் அத்தனை கோடி ஓடும்போது, அவை கலைந்து போகாமல் ஒழுங்காக வைத்திருப்பது யார்? நடுநடுவே ஓடும் குட்டி நிலாக்கள்தான் ஆடு மேய்க்கிற மாதிரி மேய்க்கின்றனவா?

அந்தக் கிரகத்துக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. கால் ஊன்றத் தரையில்லாத வாயு உருண்டை அது. மேலே மேகம் ஒரு வேகத்தில் ஓடும், உள்ளே இருப்பது வேறு வேகத்தில் சுற்றும். அதன் காந்தப் புலத்தை அளந்தால் பிடிபடுமா என்று பார்ப்பது ஒரு குறிக்கோள். ஒரு நிலாவுக்கு ஒரு பக்கம் கரி பூசியது போலவும் மறுபக்கம் வெள்ளையாகவும் இருக்கிறது, ஏன்? இன்னொரு சின்ன நிலா தேவைக்கு மேல் பளபளக்கிறது, அதன் பனி எப்படிப் புதுசாகவே இருக்கிறது? ஒரே கலத்தில் இத்தனை கேள்விகளையும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்துக்கொண்டது பெரிய நிலாதான். சுற்றிலும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். அதன் தரையை யாரும் பார்த்ததில்லை. உயிர் தோன்றுவதற்கு முன்னால் நம் பூமியின் காற்று ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கலாம் என்று ஒரு யூகம். அதற்குள் இறங்குவதற்காகவே கலம் தன் இடுப்பில் ஒரு சிறிய இறங்குகலத்தைச் சுமந்துபோனது. பாராசூட்டில் இறங்கும்போதே காற்றை உறிஞ்சிப் பார்த்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காற்றின் வேகத்தை அளக்க வேண்டும். சத்தம் கேட்க ஒரு மைக்கூட வைத்திருந்தார்கள். கீழே இருப்பது பாறையா, சேறா, திரவ மீத்தேன் கடலா என்று தெரியாததால், கொஞ்ச நேரம் மிதக்கும்படியும் செய்திருந்தார்கள்.

“எங்க எறங்கப் போறோம்னே தெரியாம அனுப்பிச்சாங்களா?” என்று என் கணவர் வாயைப் பிளந்தார். “எங்க ஆபீஸ்ல இதுக்கு சைன் பண்ணவே மாட்டாங்க.”

இரண்டாயிரத்து நான்கு ஜனவரியில் மன்றத்துக்காரர்கள் பள்ளிக்கூட மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்தார்கள். கிரகம் நன்றாகத் தெரிகிற பருவம். மாலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. என்னை அழைத்துப் போக வந்த என் கணவரை மாடிக்கு ஏற்றுவதற்கே பெரும்பாடு பட்டேன். ஏறியவர் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போதும் அவர் அப்படித்தான். அந்தச் சந்நிதிக்கு எதிரே நிற்க மாட்டார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பார்வை நேராக நம்மேல் விழக் கூடாது என்பது நம் ஊர்களில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவரிடமும் ஒதுங்கி நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

“நேரா பாக்கக் கூடாதும்மா. உனக்குத் தெரியாதா?”

அந்த டெலஸ்கோப் கண்ணாடியில் ஒளியைத் திருப்பிவிடுகிற வகை. பார்ப்பவர் குழாயின் பக்கவாட்டில் இருக்கும் துளையில்தான் கண்ணை வைக்க வேண்டும். கிரகத்துக்கு நேராக முகத்தைக் காட்டவே வேண்டாம்.

“நீங்க நிக்கப்போறது சைடுலதாங்க. உள்ள ரெண்டு கண்ணாடி இருக்கு, அதுல பட்டுதான் வரும். நீங்க பாக்கறது கண்ணாடியை” என்றேன்.

தப்பு கண்டுபிடிக்கிற மூளைக்கு அது ஒத்துக்கொண்டது. குழாயை ஒரு சுற்று சுற்றிவந்து, கிரகம் எந்தப் பக்கம், துளை எந்தப் பக்கம் என்று சரிபார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

“மோதிரம் போட்டுக்கிட்டு எவ்ளோ அமைதியா இருக்காரு” என்றார் மெதுவாக. கீழே இறங்கும்போது, “கண்ணாடியிலதான் பாத்தேன்” என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். எனக்குச் சொன்னாரா, மேலே இருப்பவருக்குச் சொன்னாரா தெரியாது.

அந்த வருஷம் ஜூலையில் கலம் போய்ச் சேர்ந்தது. தன் பெரிய ஆன்டெனாவையே குடை போல முன்னால் பிடித்துக்கொண்டு, வளையங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து மேலே வந்தது. சின்னத் துகள் ஒன்று பட்டாலும் கதை முடிந்திருக்கும், ஒன்றும் படவில்லை. ஆகஸ்டில் எனக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். அவர் போட்டுவிட்டார்.

அப்போதிலிருந்து எங்கள் வீட்டில் பயம்தான் குடித்தனம் நடத்தியது. நான் மாடிப்படி ஏறினால் அவர் பின்னாலேயே வருவார். ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சுவார். ‘வீக்கெண்ட்’ காலையில் கோயிலுக்குப் போய் எள் எண்ணெய் தீபம் போட்டுவிட்டு, அங்கே தொன்னையில் கொடுத்த எள் சாதப் பிரசாதத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே தின்றுவிட்டு வருவார். வீட்டுக்குள் எள் வரக் கூடாது. இட்லிப் பொடியில்கூட எள் நின்றுபோனது. எள்ளைக் கையிலிருந்து கையில் வாங்கவே கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். கொடுப்பவரைப் பிடித்திருக்கும் பீடை, வாங்குகிறவர் கைக்கு வந்துவிடுமாம். கோயிலுக்காக மளிகைக்கடையில் எள் பொட்டலம் வாங்கினால்கூடத் தட்டின்மேல் வைக்கச் சொல்லித்தான் எடுப்பார்.

நான் கிண்டல் செய்தேன். ஆனால் ஐந்தாம் மாதம் வந்தபோது கிண்டல் நின்றுவிட்டது. போன தடவை எந்த வாரத்தில் அசைவு நின்றதோ அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த வாரம் தாண்டியது. குழந்தை நன்றாகவே உதைத்தது. குக்கர் விசிலடித்தால் உதைக்கும். வகுப்பில் பெண்கள் மேசையைத் தட்டினால் உதைக்கும். எங்கேயாவது கை தட்டினால் கட்டாயம் ஓர் உதை. ஒவ்வொரு உதைக்கும் ஒரு மூச்சு விட்டுக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன்.

டிசம்பர் கடைசியில் பெரிய கலம், சிறிய இறங்குகலத்தைத் தன்னிடமிருந்து பிரித்துத் தள்ளிவிட்டது. அதன்பிறகு அந்தக் குட்டியோடு யாராலும் பேச முடியாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டே மூன்று வாரம் போக வேண்டும். உள்ளே இருக்கும் கடிகாரம் சரியான நேரத்தில் அடித்தால் தானே விழித்துக்கொள்ளும். அடிக்காவிட்டால், அது என்ன ஆனது என்று எவருக்கும் தெரியப்போவதில்லை. இதைப் படித்த அன்று வயிற்றின்மேல் வைத்த கையை நான் வெகுநேரம் எடுக்கவில்லை. மறுநாளே கடல் பொங்கி நம் கரையெல்லாம் அடித்துக்கொண்டு போன செய்தி வந்தது. டி.வி.யில் வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என் கணவர் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அந்த மாதம் நல்லது நடக்கும் என்று நம்புவதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இறங்குகலம் இறங்குவதாக இருந்த நாள் பொங்கலன்று வந்தது. எனக்கு ஏழாம் மாதம். மன்றத்துக்காரர்கள் விடுமுறைதானே என்று பிற்பகலில் ஹாலில் கூட்டம் வைத்திருந்தார்கள். நான் பேச வேண்டும், இன்டர்நெட்டில் செய்தி வர வர ஒருவர் படித்துச் சொல்வார். கணவருக்கு விருப்பமில்லை. உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன் என்று சத்தியம் செய்து சம்மதம் வாங்கினேன்.

காலையில் பொங்கல் பொங்கி இறக்கியதும் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கன்னடக்காரர்களுக்குச் சங்கராந்தி என்றால் எள்ளும் வெல்லமும்தான். வெள்ளை எள், வெல்லத் துண்டு, கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். அதைத் தின்றுவிட்டு வருஷம் முழுக்க நல்ல பேச்சாகப் பேச வேண்டும் என்பது வழக்கம். முந்தைய வருஷங்களில் என் கணவர் அன்று காலையிலேயே கதவைப் பூட்டி என்னை எங்காவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார். இந்த முறை நான் எங்கும் நகர முடியாத நிலையில் இருந்தேன்.

“தகொள்ளம்மா, கையை நீட்டு” என்றார் வீட்டுக்காரம்மா. “பிள்ளைத்தாச்சிக்கு முதல்ல குடுக்கணும்னு எங்க வீட்டுக்குக்கூட இன்னும் எடுக்கலை.”

ஐந்து மாதமாக எனக்குப் புளிப்பாக எது வேண்டுமோ அதையெல்லாம் சமைத்து மேலே அனுப்பியவர். தட்டைக் கொண்டுவந்து, இதில் வையுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கையை நீட்டினேன். உள்ளங்கை நிறையப் போட்டு, மீதியை ஒரு பாக்கெட்டாகவும் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். அடுப்படி வாசலில் நின்றிருந்த என் கணவரின் முகம் வெளிறிப்போனது.

வீட்டுக்காரம்மா கீழே போகும்வரை காத்திருந்துவிட்டு, “கையில வாங்கிட்டியே” என்றார். “இன்னிக்குப் போய் வாங்கிட்டியே.”

“அது வெள்ளை எள்ளுங்க.”

“எள்ளு எள்ளுதான். அவங்க வீட்ல என்னென்ன கஷ்டமோ.”

“அந்தம்மா கையாலதான் அஞ்சு மாசமா சாப்பிடறேன். அப்பல்லாம் வராத கஷ்டம் இப்ப வந்துடுமா?” எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “படிச்சவர் மாதிரி பேசுங்க” என்றும் சொன்னேன். பாக்கெட்டை என் கைப்பையில் திணித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஹாலுக்குப் போய்விட்டேன்.

ஹாலில் நல்ல கூட்டம். ஓய்வுபெற்ற அதிகாரிகள், என் மாணவிகள் சிலர், பட்டுப்புடவையோடு வந்த குடும்பங்கள். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசினேன். இந்நேரம் அந்தச் சின்னக் கலம் இறங்கத் தொடங்கியிருக்கும், ஆனால் அங்கிருந்து சைகை வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே நடந்து முடிந்திருக்கும், நல்லதா கெட்டதா என்று மட்டும் நமக்குத் தெரியாது என்றேன். அந்தக் காற்றில் என்ன இருக்கிறது, தரை எப்படி இருக்கும், அந்த மைக்கில் என்ன கேட்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். போன் லைன் இரண்டு முறை அறுந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பத் திரும்ப டயல் செய்தார். மாலை நான்கு மணி வாக்கில் அவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

பூமியில் ஒரு பெரிய ரேடியோ டெலஸ்கோப்புக்கு மெல்லிய சத்தம் கேட்டிருக்கிறது. கடிகாரம் அடித்திருக்கிறது. குட்டி விழித்துக்கொண்டிருக்கிறது.

ஹாலே அதிரும்படி கை தட்டினார்கள். என் மாணவிகள் விசிலடித்தார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே வழக்கம்போல ஒரு கையை வயிற்றுக்குக் கொண்டுபோனேன், இப்போது உதைக்கும் என்று.

உதைக்கவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் நான் காலைவரை பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். ஹாலில் உதைத்ததா? இல்லை. ஆட்டோவில்? இல்லை. காலையில் குக்கர் விசிலுக்கு? நினைவில்லை. பொங்கல் பரபரப்பில் கவனிக்கவில்லையா, அல்லது அப்போதே இல்லையா? யாரோ வந்து கைகுலுக்கினார்கள். யாரோ வளையத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு மாணவியின் மொபைலை வாங்கிக் கணவருக்கு அடித்தேன். “அசையலைங்க” என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆட்டோவில் போகும்போது எனக்கு அந்த எள் நினைவு வந்தது. அப்படி வந்ததற்காக என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. நான் இயற்பியல் நடத்துகிறவள், எள்ளில் எண்ணெய் இருக்கும், பீடை இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், உள்ளங்கையைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே போனேன்.

எனக்கு முன்னால் அவர் வந்து வாசலில் நின்றிருந்தார். வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

பண்டிகை என்பதால் ஆஸ்பத்திரி வெறிச்சோடிக் கிடந்தது. தமிழர்கள் அதிகம் இருக்கும் லிங்கராஜபுரத்து சிஸ்டர் ஒருவர் இருந்தார். தமிழ் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“கார்த்தாலருந்தே அசையலியா? பயப்படாதீங்க, சில சமயம் நல்லா தூங்கும். ஸ்வீட்டா எதனா சாப்ட்டு, லெஃப்ட் சைடு திரும்பிப் படுங்க. இனிப்பு உள்ள போனா முழிச்சுக்கும். ஹார்ட் பீட் பாக்கற மெஷின் லேபர் ரூம்ல ஒருத்தங்களுக்குப் போட்டிருக்கு. டாக்டரும் அங்கதான். முடிஞ்சதும் எடுத்துட்டு வர்றேன்.”

அவர் போய்விட்டார். கேன்டீன் பூட்டியிருந்தது. என் கணவர் ஓடிப்போய் எதிரே பேக்கரியைப் பார்த்துவிட்டு வந்தார், ஷட்டர் இறங்கியிருந்தது. இன்னும் தள்ளிப் போனால் கிடைக்கும், ஆனால் என்னை விட்டுவிட்டுப் போக அவருக்குக் கால் வரவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றார். நான் இடப்பக்கம் திரும்பிப் படுத்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரில் பெயர்ந்திருந்த பெயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன தடவையும் இதே மாதிரி ஒரு சுவரைப் பார்த்தபடிதான் படுத்திருந்தேன்.

“அது எறங்கிடுச்சா?” என்று கேட்டார்.

எது என்று எனக்கு உடனே புரியவில்லை. அந்தக் கலத்தைப் பற்றி அவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சத்தம் கேட்டிருக்காம். எப்படி இருக்குன்னு இன்னும் தெரியல.”

“நல்லா இருக்கும்” என்றார்.

அப்போதுதான் கைப்பையில் இருந்த பாக்கெட் ஞாபகம் வந்தது. வெல்லம் இருக்கிறது. இனிப்புதானே கேட்டார்கள். எடுத்துப் பிரித்தேன். கட்டிலில் நாலைந்து எள் சிந்தியது. ஒரு பிடி எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “இப்பவுமா?” என்று கத்திவிட்டேன். “இந்த நேரத்துலயுமா உங்க சாஸ்திரம்?”

“கத்தாத. சாப்பிடு, வேணாம்னு சொல்லல.” என் மணிக்கட்டை விட்டுவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் ஏந்தினார். “மொதல்ல எனக்குப் போடு.”

“என்னது?”

“உன் கையால எடுத்து என் கையில போடும்மா. உங்கிட்ட என்ன இருந்தாலும் எங்கிட்ட வந்துடட்டும். அப்புறம் நீ சாப்பிடு.”

இட்லிப் பொடியிலிருந்துகூட எள்ளை விரட்டியவர். ஏழரை நடக்கும்போது எள் வாங்கினால் என்ன ஆகும் என்று அவர் நம்பினாரோ, அதை ஓர் எழுத்துகூடச் சந்தேகப்படாமல் நம்பினார். நம்பிக்கொண்டேதான் கையை ஏந்தினார். ஒதுங்கி நிற்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். அழுகை வந்தது. பிடி எள்ளையும் வெல்லத்தையும் அந்தக் கையில் போட்டேன். ஒன்றுகூடக் கீழே விழாதபடி வாங்கி, அத்தனையையும் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் போடு” என்றார் மென்றுகொண்டே.

“போதுங்க.”

“போடு. மிச்சம் வைக்காத.”

இன்னொரு பிடி போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து வெல்லத் துண்டுகளை நான் தின்றேன். வாயெல்லாம் உலர்ந்திருந்ததால் முழுங்கவே சிரமமாக இருந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு, கையை உதறாமல் அப்படியே என் வயிற்றின்மேல் வைத்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த எள் புடவை வழியாக உறுத்தியது. லேபர் ரூம் பக்கம் யாரோ ஓடினார்கள். வெளியே யாரோ பையன்கள், கன்னட வழக்கப்படி சங்கராந்தி அன்றே மாடுகளை அலங்கரித்து ஓட்டிக்கொண்டு போகிற மணிச்சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அவர் கைக்கு நேர் கீழே ஒரு புரளல். நான் மூச்சை நிறுத்தினேன். என் படபடப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது, இந்த முறை நல்ல கோபத்தோடு, விலாவுக்குக் கீழே, அவர் கை எழும்பும் அளவுக்கு ஓர் உதை.

அவர் கையை எடுக்கவே இல்லை. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார், எள் தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமினார். இருமிக்கொண்டே அழுதார். அந்த இருமல் சத்தத்துக்கு உள்ளேயிருந்து இன்னொரு உதை வந்தது.

மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டர் எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார். நான் தலையை ஆட்டியதும் புரிந்துகொண்டு சிரித்தார்.

“நான் சொன்னேன் இல்ல? என்ன சாப்ட்டீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். உதட்டில் இரண்டு எள் ஒட்டியிருந்தது.

“எள்ளு, சிஸ்டர்” என்றார் சத்தமாக. மீதி இருந்த பாக்கெட்டைக் கட்டிலிலிருந்து எடுத்து, தன் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டார். சிஸ்டரும் ஒரு வாய்க்குக் கை நீட்டினார்.

“உங்களுக்கு வேணாம்” என்றார் என் கணவர். “இது எனக்கு.”